மணியின் காதைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கள்

பெயரைப் போட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். நாயின் பெயரையும் மறைக்கச் சொல்கிறார். சரி, மணி என்று வைத்துக்கொள்வோம். எந்த நாய்க்கும் பொருந்துகிற பெயர்தானே.

மணி நான்கு வயது காக்கர் ஸ்பானியல். ஒரு வருடத்துக்கு முன் வலது காதில் நாற்றம் வந்தது. மருத்துவர் கொடுத்த சொட்டு மருந்தைப் போட்டார்கள். நான்காம் நாளே நாற்றம் போய்விட்டதால் மருந்தை நிறுத்திவிட்டார்கள். இனி அப்படி வரவே கூடாது என்று அன்று முதல் இரண்டு நாளைக்கு ஒரு முறை காது சுத்தம். முதலில் ஈரத் துணி, அப்புறம் பட்ஸ், பிறகு யாரோ சொன்னார்கள் என்று ஹைட்ரஜன் பெராக்சைடு. காது வறண்டு போனதுபோல் தெரிந்ததால் நடுவில் சில வாரம் எண்ணெய். இப்போது இரண்டு காதிலும் பழுப்பு நிறப் பிசுக்கு, வலது பக்கம் கூடுதல். தலையை உதறிக்கொண்டே இருக்கிறான். பாட்டிலை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். கணவர் பின்பக்கம் பிடித்துக்கொள்ள, இவர் தலையை மடியில் அழுத்திச் சுத்தம் செய்வாராம். போன வாரம் முதல் முறையாக உறுமி, கையைக் கவ்வ வந்திருக்கிறான். மறுநாள் ஆறு வயது மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டபோதும் உறுமினானாம்.

கேட்டிருப்பவை மூன்று. வீட்டிலேயே தயாரிக்க நல்ல கரைசல் எது? போன வருடத்துச் சொட்டு மருந்தில் பாதி மிச்சம் இருக்கிறது, போடலாமா? இவ்வளவு சாதுவான நாய் ஏன் இப்படி முரடாகிவிட்டது? கடைசி வரியில் நான்காவதாக ஒன்றும் இருக்கிறது: "நான் சரியாகச் சுத்தம் செய்யாததால்தான் இப்படி ஆனதா?"

அந்த நான்காவதிலிருந்தே தொடங்குகிறேன்.

அம்மா, நீங்கள் சுத்தம் செய்தது போதாமல் இப்படி ஆகவில்லை. தேவைக்கு மேல் செய்திருக்கிறீர்கள். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்பார்களே, நாய்க் காது விஷயத்தில் அதை வாரத்துக்கு நான்கு தடவையாவது நினைத்துக்கொள்கிறேன். அக்கறையில்லாதவர்கள் வீட்டு நாய்க்கு மட்டும்தான் காது கெடும் என்று நினைக்காதீர்கள். அளவுக்கு மீறி அக்கறைப்படுகிறவர்கள் வீட்டிலிருந்தும் என்னிடம் வருகிறார்கள்.

நலமாக இருக்கும் காது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். உள்ளே இருக்கும் தோல் செவிப்பறைப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்ல மெல்ல நகர்ந்து, உதிர்ந்த செதில்களையும் குறும்பியையும் வாசல் வரை கொண்டுவந்து தள்ளிவிடும். லேசான மஞ்சள் குறும்பி கொஞ்சம் இருப்பது அழுக்கு அல்ல, தோலுக்குப் பூச்சு. அதை இரண்டு நாளைக்கு ஒரு முறை துடைத்தெடுத்தால் தோல் எரிச்சலடையும். எரிச்சலடைந்த தோல் இன்னும் அதிகமாகக் குறும்பி சுரக்கும். அதைப் பார்த்து நீங்கள் இன்னும் அழுத்தித் துடைப்பீர்கள். ஒரு வருடமாக உங்கள் வீட்டில் நடந்தது பெரும்பாலும் இந்தச் சுற்றுதான் என்று நினைக்கிறேன்.

பட்ஸ் எங்கே போய் நிற்கிறது

நம் காதுக் குழாய் ஏறக்குறைய நேராக உள்ளே போகும். நாயின் குழாய் வேறு மாதிரி. மடலின் அடியிலிருந்து முதலில் கீழ்நோக்கி இறங்கும், பிறகு தலையின் உட்பக்கமாகத் திரும்பும். கொக்கி போன்ற வடிவம். செவிப்பறை அந்தத் திருப்பத்துக்கு அப்பால் இருக்கிறது. நீங்கள் குச்சியை இறக்கும்போது "ஆழமாகப் போகவில்லை, பாதுகாப்பாகத்தான் செய்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், முனை அந்த வளைவில் முட்டி நின்றுவிடும். ஆனால் வழியில் இருந்த பிசுக்கை எல்லாம் வளைவுக்குக் கீழே தள்ளி அடைத்துவிட்டுத்தான் நிற்கும். வெளியே எடுக்கும்போது பஞ்சில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் பழுப்பைப் பார்த்து நமக்குத் திருப்தி. உள்ளே அடைந்ததோ கண்ணுக்குத் தெரியாது. இருவர் பிடித்துக்கொண்டிருக்கும் நாய் திடீரென்று தலையைத் திருப்பினால் அந்தக் குச்சி எங்கே போகும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

ஆகவே குச்சியை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மடலின் மடிப்புகளில் இருக்கும் பிசுக்கைத் துடைக்கக்கூட விரலில் சுற்றிய பஞ்சு போதும்.

வீட்டுக் கரைசல் என்ற ஆசை

பெராக்சைடு நுரைத்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் அழுக்கெல்லாம் பொங்கி வெளியேறுகிறது என்று தோன்றும். அது தோலையும் அரிக்கிறது, நுரை அடங்கியபின் ஈரத்தையும் விட்டுச்செல்கிறது. தொங்கும் காது, மூடிய குழாய், உள்ளே ஈரம். பூஞ்சைக்கு வேறு என்ன வேண்டும்? ஸ்பிரிட்டும் வினிகரும் புண்ணான தோலில் பட்டால் எப்படி எரியும் என்று உங்களுக்கே தெரியும். எண்ணெய் எரியாதுதான், ஆனால் அது பிசுக்கோடு சேர்ந்து பசைபோல் படிந்துவிடும். நாய்க் காதில் அதிகம் காணப்படும் மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சை கொழுப்பை விரும்பி வளரும் வகை. அதற்கு நாமே விருந்து வைக்க வேண்டாம்.

எனவே முதல் கேள்விக்கு என் பதில்: எதையும் தயாரிக்க வேண்டாம். நாய்களின் காதுக்கென்றே வரும் கழுவு திரவங்கள் குறும்பியை இளக்கி, கழுவியபின் குழாயைக் காயவைக்கும்படி செய்யப்பட்டவை. எந்தக் காதுக்கு எது என்பதைக் காதின் உள்ளே பார்த்தவர் சொல்லட்டும்.

மிச்சமிருக்கும் சொட்டு மருந்து

வேண்டாம். இதில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

அந்தப் பாட்டில் திறந்து ஒரு வருடம் ஆகிவிட்டது என்பது சின்னக் காரணம். பெரிய காரணம், செவிப்பறை முழுதாக இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. நாள்பட்ட காது நோயில் அது கிழிந்திருக்கக்கூடும். கிழிந்த செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் இறங்கினால் சில மருந்துகள் கேட்கும் திறனையும் உடலின் சமநிலையையும் கெடுத்துவிடும். சில கழுவு திரவங்களும் அப்படித்தான்.

இன்னொன்று. காதுச் சொட்டுகளில் பெரும்பாலும் பாக்டீரியாவுக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, வீக்கத்துக்கு ஒரு ஸ்டீராய்டு என்று மூன்றும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு போட்டதும் அரிப்பும் நாற்றமும் சட்டென்று குறையும். போன வருடம் நான்காம் நாள் நீங்கள் பார்த்தது அதுதான். நோய் அடங்கியது, ஆனால் தீரவில்லை. பாதியில் நிறுத்திய மருந்தை மீண்டும் பாதி போடுவது, மருந்துக்கு அசையாத கிருமிகளை நாமே வளர்ப்பது போல. ஒரு வருடத்துக்கு முன் இருந்த கிருமிதான் இன்றும் இருக்கிறது என்பதற்கும் உறுதி இல்லை. பழுப்புப் பிசுக்கும் புளித்த வாடையும் ஈஸ்டைச் சுட்டும். மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ் வந்தால் பாக்டீரியா. காப்பித்தூள் மாதிரி கறுப்பாக உதிர்ந்தால் காது மைட்ஸ் என்ற நுண்ணிய பூச்சி, அது குட்டிகளிடமும் பூனையோடு பழகும் நாய்களிடமும் அதிகம். ஆனால் நிறத்தை வைத்து நான்கூட மருந்து எழுதமாட்டேன். கொஞ்சம் பிசுக்கைக் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பேன். சில நிமிட வேலை.

நீங்கள் சாதாரணமாக எழுதிய ஒரு வரி

மூன்றாம் பக்கத்தில், மணியின் குணங்களைச் சொல்லிக்கொண்டு வரும்போது, "ராத்திரியெல்லாம் பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பான், அது அவன் பழக்கம்" என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த வரி இதுதான்.

பாதம் நக்குவதும் இரண்டு காதிலும் மீண்டும் மீண்டும் தொந்தரவு வருவதும் சேர்ந்தால் ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். காதுக்குள் இருப்பதும் தோல்தான். உடம்புத் தோலில் அரிப்பு வரும் நாய்க்குக் காதுக்குள்ளும் அரிக்கும், வீங்கும், அங்கே ஈஸ்ட் பெருகும். காது மட்டுமே ஒவ்வாமையின் அடையாளமாக இருக்கும் நாய்களும் உண்டு. ஒரே ஒரு காதில் திடீரென்று வந்தால் புல்லின் முள்ளோ கட்டியோ இருக்கிறதா என்று தேடுவோம். மணிக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது, ஒரு பக்கம் கூடுதல், அவ்வளவுதான். காக்கர் ஸ்பானியல் இனத்துக்குக் காதுக் குழாயில் குறும்பிச் சுரப்பிகளும் அதிகம், மேலே கனத்த மடல் வேறு.

ஒவ்வாமைதான் காரணம் என்றால், காதை எவ்வளவு கழுவினாலும் அது திரும்ப வரும். காரணம் உணவா, தூசியில் இருக்கும் நுண்ணிய பூச்சியா, மகரந்தமா என்று தேட வேண்டும். உணவைச் சந்தேகித்தால் மருத்துவர் சொல்லும் ஒரே உணவைச் சுமார் 8 வாரம் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். பொறுமை சோதிக்கும் வேலை. நடுவில் யாராவது ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டால் கணக்கு முதலிலிருந்து. உங்கள் மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

உறுமல்

மணி முரடாகிவிடவில்லை. அவனுக்கு வலிக்கிறது.

ஒரு வருடமாக அவன் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். முதலில் தலையைத் திருப்பியிருப்பான், அப்புறம் உதட்டை நக்கியிருப்பான், பிறகு கட்டிலுக்கு அடியில் ஓடினான். எதற்கும் பாட்டில் நிற்கவில்லை. உறுமலுக்கு நின்றது. உறுமியதற்காக அவனைத் திட்டாதீர்கள். திட்டினால் உறுமலை விட்டுவிட்டு, முன்னறிவிப்பு இல்லாமல் கடிக்கக் கற்றுக்கொள்வான். மகள் கழுத்தைக் கட்டியபோது உறுமியதும் இதே வலிதான், அவள் கை காதில் உரசியிருக்கும். காது ஆறும்வரை அவள் மணியின் தலைப்பக்கம் போக வேண்டாம். விளையாடும்போது பெரியவர் ஒருவர் கூடவே இருங்கள். சாதுவான நாய்தான், எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் வலிக்கிற இடத்தில் கை பட்டால் எந்த நாயும் திரும்பும்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒரு நாயை மூன்று பேர் பிடிக்க, காதைக் கழுவி முடித்தேன். சீக்கிரம் முடித்ததில் கொஞ்சம் பெருமைகூட. அடுத்த முறை அந்த நாய் வாசற்படியைக் கண்டதும் தரையில் படுத்துக்கொண்டு எழ மறுத்தது. அந்த ஐந்து நிமிட அவசரத்தைச் சரிசெய்ய எனக்குப் பல மாதம் ஆனது.

இப்போது உங்கள் முன் இருப்பவை

கழுவாமல் அப்படியே விட்டுப் பார்ப்பது ஒரு வழி. நலமான காதுக்கு அது சரி. மணியின் காது நலமாக இல்லை. விட்டால் குழாயின் தோல் தடித்து, துவாரம் குறுகி, கடைசியில் குழாயையே அறுவைசிகிச்சை செய்து எடுக்க வேண்டிய நிலைகூட வரலாம். உதறி உதறி மடலுக்குள் ரத்தக்குழாய் உடைந்து, மடல் தலையணை மாதிரி உப்பிக்கொள்வதும் உண்டு.

பிடித்து அழுத்தி வீட்டிலேயே தொடர்வது இரண்டாவது வழி. அது ஏன் வேண்டாம் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

மூன்றாவது, மருத்துவரிடம் போவது. "அங்கே கூட்டிப்போனால் நடுங்குகிறான், பாவமாக இருக்கிறது" என்கிறீர்கள். புரிகிறது. ஆனால் மயக்க ஊசி என்று ஒன்று இருக்கிறதே. வலி அதிகமுள்ள காதை நாயை விழிப்பில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சில நேரம் முதலில் சில நாள் வலிக்கும் வீக்கத்துக்கும் மருந்து கொடுத்து, குழாய் திறந்தபின் மயக்கத்தில் வைத்து முழுதாகக் கழுவுவோம். மயக்கத்துக்கும் ஆபத்து உண்டு, சின்னதானாலும் உண்டு. வயது, இதயம், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துத்தான் கொடுப்பார்கள். மணியின் நிலையில் நானாக இருந்தால் இந்த வழியைத்தான் எடுப்பேன்.

அங்கே கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். செவிப்பறை தெரிகிறதா, பிசுக்கை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தீர்களா, என்ன இருந்தது, எத்தனை நாள் மருந்து, எப்போது மறுபடி காட்ட வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. கழுவும் முறையை ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள். யாராவது மணியை அழுத்திப் பிடிக்க வந்தால், "நிறுத்துங்கள், வேறு வழி பார்க்கலாம்" என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. மருந்து முடிந்தபின் காதை மறுபடி காட்டிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். நாற்றம் போனதை வைத்து நாமே முடிவுசெய்யக் கூடாது.

தலை ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தால், நடை தள்ளாடினால், கண்மணி பக்கவாட்டில் துடித்தால், முகத்தின் ஒரு பாதி தொங்கினால், நோய் நடுக்காது உட்காதுவரை போயிருக்கலாம். அப்போது முன்பதிவெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே கிளம்புங்கள்.

பிறகு, வீட்டில் கழுவும்போது

காது ஆறி, மருத்துவர் சரி என்று சொன்னபின் தொடங்குங்கள். வாரம் ஒரு முறை மடலைத் தூக்கிப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். உட்புறம் வெளிர் இளஞ்சிவப்பாக, நாற்றமில்லாமல் இருந்தால் மூடிவிட்டுப் போய்விடலாம். கழுவும் இடைவெளியை மருத்துவர் சொல்வார். மணி மாதிரி நாய்களுக்கு ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும் என்றே பெரும்பாலும் அமையும்.

பாட்டிலைச் சற்று நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொள்ளுங்கள். ஜில்லென்று காதுக்குள் இறங்குவது எந்த நாய்க்கும் பிடிக்காது. மடலை மெல்ல மேலே தூக்கிப் பிடித்தால் குழாய் கொஞ்சம் நேராகும். முனை தோலில் படாமல், வாசல் நிரம்பும்வரை ஊற்றுங்கள். காதின் அடியில் கெட்டியான குழல் மாதிரி விரலுக்குத் தட்டுப்படும், அதுதான் குழாய். அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து அரை நிமிடம் பிசையுங்கள். 'களக் களக்' என்று சத்தம் வரும். வந்தால் திரவம் வளைவுக்குக் கீழே போய்விட்டது என்று அர்த்தம். பல நாய்கள் இந்த இடத்தில் கண்ணைச் சொருகிக்கொண்டு உங்கள் கைமேல் சாயும். அப்புறம் விட்டுவிட்டு இரண்டடி தள்ளி நில்லுங்கள். அவன் உதறுவான், சுவரெல்லாம் தெறிக்கும். அந்த உதறல்தான் உள்ளே இருந்ததை மேலே கொண்டுவருகிறது. மேலே வந்ததைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள், விரல் தானாகப் போகிற ஆழம்வரை மட்டும். அடுத்த காதுக்குப் புதுப் பஞ்சு. சொட்டு மருந்தும் போட வேண்டியிருந்தால் காது கொஞ்சம் காயட்டும்.

பாட்டில் என்றாலே ஓடுகிறவனிடம் நேராக இதைச் செய்ய முடியாது. முதல் சில நாள் காதைத் தொட்டுத் தின்பண்டம், அவ்வளவுதான். பிறகு மூடிய பாட்டிலைப் பக்கத்தில் வைத்துத் தின்பண்டம். ஊற்றுவதற்குப் பதிலாகத் திரவத்தில் நனைத்த பஞ்சு உருண்டையைக் காது வாசலில் வைத்து வெளியிலிருந்து பிசைந்தாலும் உள்ளே இறங்கும். பீய்ச்சும் சத்தத்துக்குப் பயப்படும் நாய்களுக்கு இது நன்றாக ஒத்துவரும். அவன் எழுந்து போனால் அன்றைக்கு அவ்வளவுதான், பின்னால் போய் இழுத்து வராதீர்கள்.

குளிப்பாட்டும்போது காது வாசலில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள், எடுக்க மறக்காதீர்கள். காதுக்குள் இருக்கும் முடியைப் பிடுங்கச் சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். ஆரோக்கியமான காதில் பிடுங்குவதே புண்ணுக்கு வழி வகுக்கலாம். காற்றோட்டத்தை அடைக்கும் அளவுக்கு இருந்தால் மருத்துவர் சொல்லட்டும்.

இந்த வாரத்துக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். முன்பதிவுக்கு போன் செய்யும்போதே, காது வலிக்கிறது, கடிக்க வரலாம் என்று சொல்லி, கூட்டமில்லாத நேரமாகக் கேளுங்கள். போவதற்கு முன் இரண்டு மூன்று நாள் காதில் எதையும் ஊற்றாதீர்கள், துடைக்கவும் வேண்டாம். பரிசோதிக்க அவர்களுக்கு அந்தப் பிசுக்கு வேண்டும். அந்தப் பழைய சொட்டு மருந்துப் பாட்டிலைத் தூக்கி எறிந்துவிடாமல் கையோடு கொண்டுபோங்கள், போன முறை என்ன போட்டோம் என்று அதைப் பார்த்தால் அவர்களுக்குத் தெரியும்.